காளியம்மாவின் கட்டி

ஆறாங்கட்டைத் தோட்டம், பீடோர்.
10 ஜனவரி 1926

அன்புள்ள தம்பி கஸ்பாருக்கு அக்கா எல்ஸி எழுதுவது.

நானும் உன் மச்சானும் சர்வேசுரன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இருமல் நின்றதா? கடைச் சாப்பாட்டைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால் பதிலே வராது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நீ பார்க்கிற புழுவைப் பற்றிக் கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய். சரி, புழுவைப் பற்றியே கேட்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு அடித்த ஆட்டின் ஈரலில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்ப் பைகள் இருந்தன. எலுமிச்சம்பழ அளவு, தொட்டால் குலுங்கியது. ஆடு உரித்த பூசாரி சின்னையா, "இது முனியோட பங்கும்மா, நாய்க்குத்தான் போவணும்" என்று பிடுங்கி நம் வீட்டு நாய் சார்ஜனுக்கு எறிந்தார். இந்தத் தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். முனியாண்டியின் நாய்க்கு அதைப் பச்சையாகப் போடாவிட்டால் சாமி குத்தமாம். நாம் வேதக்காரர்கள், ஆனாலும் ஆடு உரிக்கிறவர் சின்னையாதானே. நான் ஒரு பையை மட்டும் ஒளித்து எடுத்துச் சம்சுச் சாராயத்தில் போட்டு, ஈப்போவுக்கு வரும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்றால், காளியம்மாவுக்காக. பின்கட்டில் எனக்கு ஒத்தாசை செய்கிறாளே, மூணாம் நம்பர் மலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி. கையை வைத்தால் உருண்டையாகத் தெரிகிறது. தாப்பாவிலிருந்து மாதம் ஒரு தடவை வரும் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஆட்டு ஈரலில் வருகிற அதே தண்ணீர்ப் பையாக இருக்கலாம், வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார். கீறுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தீர்மானம் வரவில்லை.

அந்தப் பையின் தோல் எப்படிப்பட்டது? கத்திக்குத் தாங்குமா? நீ உன் கண்ணால் பார்த்து எழுது. யாரோ எவரோ கேட்டது போல நினைத்துக்கொண்டு எழுது. ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

அக்கா,
எல்ஸி சவரிநாதன்


ஈப்போ.
23 ஜனவரி 1926

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் ஜாடி வந்ததும் சளியும் போய்விட்டது என்று சொல்லலாம், அவ்வளவு சந்தோஷம். மச்சானுக்கு என் வணக்கம்.

பையை மெழுகில் பதித்து, சீவுகிற பொறியில் வைத்துச் சீவினேன். வெங்காயத் தோலைவிட மெல்லிசாக வரும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அக்கா, அது ஒரு தோல் இல்லை. மூன்று.

வெளித் தோல் ஆட்டினுடையது. உள்ளே அந்நியன் வந்து குந்திவிட்டான் என்று தெரிந்ததும் உடம்பு சுற்றிக் கட்டுகிற மதில் அது. நாரும் தழும்புமாகக் கெட்டியாக இருக்கிறது. நடுத் தோல் புழு கட்டிக்கொள்வது. அவித்த முட்டை வெள்ளை நிறம். கண்ணாடியில் பார்த்தால் நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா நோன்பில் கொடுத்தனுப்பும் கூய் லாப்பிஸ் பலகாரம் தெரியுமே, அடுக்கு மேல் அடுக்காக, அச்சாக அதே மாதிரி. அதில் உயிரே இல்லை, வெறும் அடுக்கு. மூன்றாவதாக உள்ளே ஒட்டியிருப்பது மெல்லிய ஈரப்பசை போன்ற தோல். உயிர் முழுவதும் அதில்தான். அதிலிருந்து மணல் மணலாகக் குட்டித் தலைகள் முளைத்துத் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு தலையிலும் கொக்கி வட்டம்!

இந்த மணலை நாய் தின்றால் நாய் வயிற்றில் நாடாப்புழு ஆகிறது. நாயின் கழிவிலிருந்து முட்டை புல்லுக்கும் கைக்கும் வருகிறது. ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு, மனிதர் கைகழுவாமல் தின்றால் மனிதருக்கு. உங்கள் முனியின் பங்கு வருஷா வருஷம் இதைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறது. சார்ஜனைக் கொஞ்சிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காளியம்மா விஷயம்: வெட்டச் சொல்லுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் கட்டி வருஷக்கணக்காக வளர்ந்திருக்கும், இனியும் வளரும். தோட்டத்துச் சனங்கள் கத்தி என்றால் ஓடுவார்கள், பிறகு எங்களிடம் வரும்போது ஒன்றும் செய்வதற்கில்லை. அவள் அழுதாலும் விடாதீர்கள்.

தம்பி,
கஸ்பார்


ஆறாங்கட்டைத் தோட்டம்.
14 பிப்ரவரி 1926

அன்புள்ள கஸ்பாருக்கு,

இங்கே சுகம். மழை பெய்து பால் கெட்டுப்போகிறது, உன் மச்சானின் மூஞ்சியும் கெட்டுப்போகிறது. கண்டக்டர் என்று தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிறவருக்கு வானத்தைத் திட்டுவதைத் தவிர வேறென்ன தெரியும். நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் காளியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றாள். படித்தேன். மூன்று தோல் சங்கதி அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "நாங்க தெனைக்கும் பாக்கிறதுதானே. மேப்பட்ட வேற, பால் இருக்கிற பட்ட வேற, உள்ள மரம் வேற. கத்தி மரத்துல பட்டாத்தான் காயம்" என்றாள்.

அவள் சொன்னதிலிருந்துதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. நம் உடம்பு கட்டிய தோலுக்கும் புழு கட்டிய தோலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? நடுவில் இரத்தம் ஓடுகிறதா? ஓடினால் கத்தி வைத்ததும் கொட்டுமே.

இன்னொன்று. பை உடைந்தால் என்ன ஆகும்? அதை நீ எழுதவேயில்லை. மறந்துபோனாயா, மறைத்தாயா? அவள் சிறு பிள்ளை இல்லை. உள்ளதை எழுது.

சித்திரையில் முனியாண்டி பூசை. அதற்குள் சின்னையாவிடம் பேசப்போகிறேன். பூசாரியோடு வேதக்காரிக்கு என்ன பேச்சு என்று உன் மச்சான் முனகுகிறார். முனகட்டும்.

அக்கா எல்ஸி


ஈப்போ.
2 மார்ச் 1926

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பற்றி எழுதும்போது ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள், கொஞ்சம் விரித்து எழுதினால் என்ன?

உங்கள் கேள்வியைப் பெரியவரிடமே கேட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவரைத்தான் பெரியவர் என்கிறேன். "யார் கேட்டது?" என்றார். "என் அக்கா" என்றேன். "நல்ல கேள்வி, நீயே பார்த்துச் சொல்" என்று இன்னொரு ஆட்டு ஈரலைக் கொடுத்தார். பார்த்துவிட்டேன்.

இரண்டு தோலுக்கும் நடுவில் இரத்தம் இல்லை. நரம்பும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் ஒன்றில் ஒன்று பின்னவில்லை. வெளித் தோலைக் கீறி, விரலை மெல்ல நுழைத்தால் வெள்ளைத் தோல் கழன்று வருகிறது. வெட்டிய ஓரம் தானாக உள்பக்கம் சுருண்டுகொள்ளும். காளியம்மாவிடம் சொல்லுங்கள், மரத்தில் படாமல் பட்டையை உரிக்கலாம். நம் உடம்பு கட்டிய மதில் நம்மிடமே இருக்கும், புழுவின் சுவர் மட்டும் வெளியே வரும்.

உடைந்தால் ஆபத்து. மறைக்கவில்லை, எழுதக் கை வரவில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் தெரியும், ஆனால் உடம்புக்குள் சிந்தினால் சிலருக்கு மேசை மேலேயே மூச்சு நின்றுவிடும். பிழைத்தாலும் சிந்திய மணல் ஒவ்வொன்றும் புதுக் கட்டியாகலாம். அதனால் தெரிந்தவர்கள் முதலில் ஊசியால் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி, பார்மலினை உள்ளே விட்டு, மணலைக் கொன்றுவிட்டுத்தான் திறப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை ஊர்களில் இதையே வேலையாகச் செய்த ஒரு டாக்டர் இப்போது தைப்பிங்கில் இருக்கிறாராம்.

என் பேச்சு மாறவில்லை. வெட்டாவிட்டாலும் அது ஒருநாள் உடையும். பால் வாளி தூக்கிக்கொண்டு சரிவில் வழுக்கி விழுந்தால் போதும். அப்போது பக்கத்தில் ஊசியும் இருக்காது, டாக்டரும் இருக்க மாட்டார். என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். தைப்பிங்குக்கு அனுப்புங்கள்.

சார்ஜனுக்குப் புழு விழுவதற்குக் கொட்டைப்பாக்கைச் சீவிப் பாலில் கலந்து வெறும் வயிற்றில் கொடுங்கள். கழிவதை எல்லாம் எரித்துவிடுங்கள்.

தம்பி கஸ்பார்


ஆறாங்கட்டைத் தோட்டம்.
25 ஏப்ரல் 1926

அன்புள்ள கஸ்பாருக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. எல்லோரும் சுகம். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து சாய்ந்திருக்கும், கண்டுகொள்ளாதே.

பூசை நடந்தது. நான் ஜெயித்தேன்! சின்னையாவிடம் போய் உன் மூன்று தோல் கதையைச் சொன்னேன். "சாமி பங்கைக் குழியில போடச் சொல்றீங்களா? சாமி கேட்டா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?" என்று எகிறினார். நான் விடவில்லை. "சின்னையாண்ணே, குழியில போட வேணாம். சாமியோட நாய்க்கே போடுங்க. ஆனா வேக வெச்சுப் போடுங்க" என்றேன்.

"முனிக்குப் பச்சையாத்தான்மா வழக்கம்லா."

"முனிக்குப் பொங்கல் பச்சரிசியாவா வைக்கிறீங்க? வேக வெச்சுத்தானே வைக்கிறீங்க. நாய்க்கு மட்டும் ஏன் பச்சையா?"

தாடியைச் சொறிந்துகொண்டே போய் விறகு எடுத்து வந்தார். பிறகு அவரே அடுப்பு மூட்டினார். ஈரல் பைகளைத் தனிப் பானையில் போட்டு, தண்ணீர் வற்றும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து நாய்களுக்கு வைத்தார்கள். நாய்கள் தட்டையும் நக்கின. சாமிக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை, மறுநாள் மழை நின்றது. அதைச் சின்னையா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சார்ஜன் பாக்குத் தின்றுவிட்டு இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

காளியம்மா தீர்மானம் செய்துவிட்டாள். ஜூன் முதல் வாரம் தைப்பிங். நானே கூடப் போகிறேன். உன் கடிதங்களை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

அக்கா எல்ஸி


ஈப்போ.
28 ஏப்ரல் 1926

அக்கா,

கடிதம் நேற்று வந்தது. இன்றே எழுதுகிறேன்.

பகலில் ஒருநாளும் படுத்தறியாதவர் நீங்கள். அம்மை போட்டபோதுகூட நின்றுகொண்டே சமைத்தீர்கள். படுத்துக்கொண்டு ஏன் எழுதினீர்கள்? பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். காளியம்மாவுக்கு எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த வீட்டுக்காரியின் நோயைப் பற்றி எழுதினால் நீங்கள் பத்து வரி எழுதுவீர்கள். உங்கள் நோயைப் பற்றி மட்டும்தான் இப்படி வாயை மூடிக்கொள்வீர்கள்.

கட்டி உங்களுக்குத்தான் அக்கா. இல்லை என்று எழுதாதீர்கள்.

தைப்பிங் வேண்டாம். நான் சொல்வதைக் கேளுங்கள். நான் முன்னால் எழுதியது அவசரத்தில் எழுதியது. அந்த வெளித் தோல் கெட்டியானது, சுலபத்தில் உடையாது. சில பேருக்கு அதில் சுண்ணாம்பு ஏறிப் புழு உள்ளேயே செத்துவிடும். செத்த பையைச் சுமந்துகொண்டு கிழவியாகும்வரை இருந்தவர்கள் உண்டு, நானே அப்படி ஒன்றைச் சீவியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். ஒரு வருஷம் பார்ப்போம். பெரியவரிடம் சொல்லி நானே மாதாமாதம் வந்து பார்க்கிறேன். கத்தி மட்டும் வேண்டாம். அம்மாவை அந்த ஊரிலிருந்துதானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். உங்களுக்கு அதெல்லாம் மறந்துபோனதா?

மச்சானுக்குத் தெரியுமா?

கஸ்பார்


ஆறாங்கட்டைத் தோட்டம்.
23 மே 1926

அன்புள்ள தம்பி கஸ்பாருக்கு,

சுகமில்லை என்று உண்மையை எழுதியே தொடங்குகிறேன், உனக்குத் திருப்திதானே.

ஆமாம், கட்டி எனக்குத்தான். உன் மச்சானுக்குத் தெரியும். அவர் ஒரு கையில் ஜெபமாலையும் இன்னொரு கையில் விசிறியுமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், துரத்தினாலும் போவதில்லை. காளியம்மாவுக்கும் முதல் நாளே தெரியும். "உன் பேரைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடு" என்று கேட்டேன். "எடுத்துக்கங்கம்மா, பேருதானே" என்றாள்.

உனக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். ஆறட்டும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

ஜனவரியில் எழுதினாய், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று. மார்ச்சில் எழுதினாய், என் மேசைக்கு முன்னால் வரும் யாருக்கும் இதைத்தான் சொல்வேன் என்று. இரண்டும் உன் கையெழுத்து. இப்போது சுண்ணாம்பு ஏறும் என்கிறாய். பால் வெட்டுகிறவள் வயிற்றுக்கு ஏறாத சுண்ணாம்பு கண்டக்டர் பெண்டாட்டி வயிற்றுக்கு ஏறுமா? அவள் அழுதாலும் விடாதீர்கள் என்றாயே, இப்போது அழுவது யார்?

நான் என் பெயரில் கேட்டிருந்தால் நீ முதல் நாளே இந்த ஏப்ரல் கடிதத்தைத்தான் எழுதியிருப்பாய். எனக்குத் தம்பியின் பதில் வேண்டாம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தவனின் பதில் வேண்டும். அதற்காகத்தான் காளியம்மாவின் பெயரை வாங்கினேன். நீ அவளுக்குச் சொன்னது நியாயமான பதில். அதை வைத்துக்கொண்டுதான் நான் தைரியமாக இருக்கிறேன், அதைத் திரும்பப் பிடுங்காதே.

அம்மாவைப் பற்றி எழுதினாய். அம்மா கத்தியால் சாகவில்லை. மழை விடட்டும், தவக்காலம் முடியட்டும் என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அம்மாவைக் காத்திருக்க வைத்தோம். தைப்பிங்குக்குக் கொண்டுபோனபோது அங்கே யாராலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் போகிறேன்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

ஜூன் ஏழாம் தேதி, திங்கட்கிழமைக் காலை ரயில். ஈப்போ ஸ்டேஷனில் நிற்கும். பிளாட்பாரத்துக்கு வா. அழுகிற மூஞ்சியோடு வருவதாக இருந்தால் வராதே.

அக்கா எல்ஸி


ஈப்போ.
9 ஜூன் 1926

அன்பு அக்காவுக்கு,

நான் அழவில்லை, பார்த்தீர்கள்தானே. ரயில் கிளம்பிய பிறகு நடந்ததைக் கேட்காதீர்கள்.

ஜன்னலில் உங்களைப் பார்த்ததும் பேசுவதற்கு வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. மங்குஸ்தான் கூடையைக் கொடுத்தேன், "புளிப்பா இருக்குமோ" என்றேன், அவ்வளவுதான். அக்காவை ஆபரேஷனுக்கு வழியனுப்புகிற தம்பி பேசுகிற பேச்சா இது! மச்சானும் என்னைப் போலவே பழத்தைப் பற்றித்தான் பேசினார். தெளிவாகப் பேசியது உங்களுக்குத் துணையாக வந்த காளியம்மா ஒருத்திதான். நீங்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது கதவண்டை வந்து, "தம்பி, வயித்தைக் கீறுனா எத்தினி நாளுக்கு வாளி தூக்க முடியாது?" என்று கேட்டாள். அக்காவைக் குடம்கூடத் தூக்க விடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். நீங்கள் சொன்னதே சரி. மார்ச்சில் எழுதியதே என் பதில், ஏப்ரலில் எழுதியதைக் கிழித்துப்போடுங்கள்.

பெரியவர் தைப்பிங் டாக்டருக்கு எழுதியிருக்கிறார், எடுப்பதை எங்களுக்கே அனுப்பும்படி. புழு எந்த நிலையில் இருந்தது, தோல் முழுதாக வந்ததா, மணல் செத்ததா என்று சீவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "வேறு ஆளிடம் கொடுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார். நானே சீவுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி கஸ்பார்


ஈப்போ.
17 ஜூன் 1926

அக்காவுக்கு,

இதை யார் பிரிப்பார்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன். மச்சான், நீங்கள்தான் பிரிக்கிறீர்கள் என்றால், முழுவதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அக்கா கேட்கிற நிலையில் இல்லை என்றாலும் வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஜாடி வந்துவிட்டது. கடிதம் வரவில்லை. ஜாடியில் ஒட்டிய சீட்டில் "எல்ஸி சவரிநாதன், ஈரல், வலது பக்கம்" என்று மட்டும் இருக்கிறது. பிழைத்தவர்களின் ஜாடிக்கும் பிழைக்காதவர்களின் ஜாடிக்கும் நாங்கள் ஒரே மாதிரிதான் சீட்டு ஒட்டுவோம். தந்தி கொடுத்தேன், பதில் இல்லை. பெரியவர் போன் போட்டுப் பார்த்தார், தைப்பிங் மழையில் லைன் அறுந்திருக்கிறதாம்.

ஜாடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உங்கள் மே மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. திறந்தேன்.

வெள்ளைத் தோல் ஒரே துண்டாக வந்திருக்கிறது. ஊசி நுழைந்த ஓட்டை ஒன்று, அதை ஒட்டி டாக்டர் போட்ட கீறல் ஒன்று. வேறு கிழிசல் எங்கேயும் இல்லை. தட்டில் விரித்துப்போட்டு ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவு பெரியது. இவ்வளவையும் சுமந்துகொண்டா பூசாரியோடு சண்டைக்குப் போனீர்கள்?

மெழுகில் பதித்து இன்று சீவினேன். கை நடுங்கினால் சீவல் கிழியும். கிழியவில்லை. அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன, ஆட்டில் பார்த்ததைவிடக் கனம். உள் தோலில் உயிர் இல்லை, பார்மலின் கொன்றுவிட்டது. மணலையும் பார்த்தேன், எல்லாம் சாயத்தை வாரிக் குடித்துக்கொண்டு செத்துக்கிடக்கின்றன. உயிரோடு ஒன்றும் சிந்தியிருக்காது என்று எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

என் வேலையை நான் செய்துவிட்டேன் அக்கா. நீங்கள் இருந்தால் ஒரு வரி போடுங்கள். "புளிப்பு" என்று எழுதினாலும் போதும்.

கஸ்பார்


தைப்பிங்.
4 ஜூலை 1926

அன்புள்ள தம்பி கஸ்பாருக்கு அக்கா எல்ஸி, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது.

புளிப்புத்தான். ஆனாலும் எல்லாவற்றையும் தின்றுவிட்டேன்.

நான் இருக்கிறேன். காய்ச்சல் நின்றுவிட்டது, காயம் காய்ந்து வருகிறது, சிரித்தால் மட்டும் வலிக்கிறது. அதனால் உன் மச்சானை அறைக்குள் விட முடியவில்லை. உன் தந்தி அன்றைக்கே வந்திருக்கிறது. தந்தி என்றாலே யாரோ செத்துப்போனார்கள் என்றுதானே அர்த்தம். இங்கே பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது இன்னொரு சாவையும் தாங்க முடியாது என்று அதைப் பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். காளியம்மா துணி துவைக்கச் சட்டையை எடுத்தபோதுதான் வெளியே வந்தது. அவர் உனக்குப் போட்ட கார்டு இதற்குள் வந்திருக்கும். மனிதரை மன்னித்துவிடு.

உன் பதினேழாம் தேதிக் கடிதத்தை நானே படித்தேன், பிறகு காளியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கை நடுங்காமல் சீவினேன் என்று நீ எழுதிய இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் வழக்கம் போல, "இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றாள். படித்து முடித்தேன். அவள் எழுந்துபோய் வாசல் திரையை இழுத்துவிட்டு வந்தாள். என் கையைப் பிடித்துத் தன் சேலைக்குள் வலது விலாவுக்குக் கீழே வைத்தாள்.

கஸ்பார், அதே உருண்டை. என்னுடையதைவிடச் சின்னது, ஆனால் அதேதான்.

"எப்போதிருந்துடி?" என்றேன்.

"உங்களுக்கு முன்னாடியேம்மா. சீக்குன்னு தெரிஞ்சா துரை பேரை வெட்டி ஊருக்குக் கப்பல் ஏத்திருவாருலா. அங்க எனக்கு யாரு இருக்கா? அதான் வாயத் தொறக்கல. நீங்க என் பேரைக் கேட்டப்ப நல்லதாப் போச்சுன்னு குடுத்தேன். தம்பி எழுதுனதெல்லாம் எனக்கும்னுதான் கேட்டுக்கிட்டேன். மொதல்ல உங்களுக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம்னு இருந்தேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் எதைத் தப்பாக நினைப்பது? நாலு மாதம் அவள் பெயரில் கடிதம் எழுதினேன். உன் வயிறு எப்படி இருக்கிறது என்று அவளை ஒரு தடவையும் கேட்கவில்லை. இப்போது புரிகிறது, வாளி தூக்குவதைப் பற்றி உன்னிடம் ஏன் கேட்டாள் என்று.

உன் மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவள் பெயர் தோட்டத்தில் வெட்டப்படாமல் பார்த்துக்கொள்வது கண்டக்டர் பொறுப்பு. தலையை ஆட்டினார். ஆட்டினால் போதாது, இன்றைக்கே துரைக்கு எழுதுங்கள் என்று உட்கார வைத்திருக்கிறேன். நாளைக் காலை டாக்டர் வரும்போது அவளை என் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறேன். வயிற்றைப் பார்க்காமல் அவர் இந்த அறையைவிட்டுப் போக முடியாது.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலாவது, பெரியவரிடம் சொல்லி இந்த டாக்டருக்கு மறுபடியும் எழுதச் சொல். இரண்டாவது, அவளுக்கு நீயே ஒரு பதில் எழுது. இந்த முறை காளியம்மா என்றால் காளியம்மாவேதான். ஜனவரியில் எழுதிய அதே பதில் போதும். ஆனால் அவசரமில்லாமல் எழுது, எனக்கு எழுதுவதுபோல எழுது.

இன்னொரு ஜாடி வரும். சீட்டில் அவள் பெயர் இருக்கும். நான் இதை எழுதும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், உனக்கு ஒன்று சொல்லச் சொல்கிறாள். அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

"தம்பி, எனக்கும் கை நடுங்காமச் சீவுங்க."

அக்கா எல்ஸி